காய்க்குள் மறைந்திருக்கும் மருந்தைக் கருவி கண்டுபிடிப்பது எப்படி?

கத்தரித் தோட்டத்தில் காய்ப்புழு அதிகமாகிறது. மாலையில் மருந்து தெளிக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துச் சந்தை. காயை விட்டுவைத்தால் முற்றிவிடும், விலையும் போய்விடும். ஆகவே பறித்துக் கூடைகளில் நிரப்பி மண்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். காய் பளபளப்பாக இருக்கிறது. மருந்து வாடையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மருந்து யாருக்குத் தெரியப் போகிறது என்ற எண்ணம் பல விவசாயிகளிடம் இருக்கிறது.

ஆனால் அது தெரிந்துவிடும். ஒரு மில்லிகிராமை நூறு பங்காக்கி, அதில் ஒரு பங்கு அளவு மருந்து ஒரு கிலோ காயில் இருந்தாலும் அதைத் தனியே பிரித்து, இன்ன மருந்து, இவ்வளவு என்று சொல்லிவிடும் கருவிகள் இன்று உள்ளன. கப்பலேறிய சரக்கு திரும்பி வருவதும் வராததும் இக்கருவிகள் வரையும் சில கோடுகளைப் பொறுத்தே அமைகிறது. அதே காயைத்தான் விவசாயியின் வீட்டுக் குழந்தைகளும் உண்கிறார்கள். இக்கருவிகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், மருந்துப் புட்டியின் லேபிளில் அச்சிட்டுள்ள காத்திருப்புக் காலத்தின் பொருளும் தானாகவே விளங்கும்.

பிரிப்பதுதான் கடினம்

களத்தில் பிரித்தெடுக்கும் வேலை விவசாயிக்குப் புதியதல்ல. காற்றில் தூற்றினால் பதர் தூரத்தில் விழும். மணி அருகில் விழும். சல்லடையில் சலித்தால் கல் மேலே நிற்கும். ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் எடையிலோ பருமனிலோ உள்ள வேறுபாட்டைப் பயன்படுத்தியே இவ்வாறு பிரிக்கிறோம்.

ஆனால் ஒரு கத்தரிக்காயை அரைத்த சாற்றில் நிறப்பொருள்கள், சர்க்கரை, அமிலங்கள், மெழுகு என ஏராளமான பொருள்கள் கலந்திருக்கின்றன. இவற்றின் நடுவே மருந்தின் மூலக்கூறுகள் மிகச் சிலவே. மூலக்கூறு என்பது ஒரு பொருளின் தன்மை மாறாமல் இருக்கக்கூடிய மிகச் சிறிய துகள் ஆகும். எந்தச் சல்லடையும் இதைச் சலிக்காது. முறத்தால் புடைக்கவும் முடியாது. இந்த வேலைக்கு வழி காட்டியவர் ஒரு தாவரவியல் அறிஞர்.

பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள்

ரஷ்யத் தாவரவியல் அறிஞர் மிகயீல் ஸ்வெட் வார்சா நகரில் பணிபுரிந்து வந்தார். இலையின் பச்சையத்தில் என்னென்ன நிறப்பொருள்கள் உள்ளன என்பதை அறிய விரும்பினார். ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை இறுக நிரப்பினார். இலைச் சாற்றைக் கரைப்பானில் கரைத்து மேலே ஊற்றினார். பிறகு தூய கரைப்பானை மெதுவாக ஊற்றி வந்தார். பச்சைச் சாறு கீழே இறங்க இறங்க, பச்சையாகவும் மஞ்சளாகவும் தனித்தனி வளையங்களாகப் பிரிந்து நின்றது. ஒரே பச்சை என்று நினைத்திருந்த பொருளுக்குள் பல பொருள்கள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

இதைப் பற்றி 1903-ல் அவர் உரையாற்றினார். 1906-ல் வெளியிட்ட கட்டுரைகளில் இம்முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். நிறத்தை எழுதிக் காட்டுவது என்பது இதன் பொருள். தமிழில் வண்ணப்பிரிகை என்கிறோம். அக்காலத்து வேதியியலார் பலர் இதைப் பெரிதாக மதிக்கவில்லை. 1919-ல் ஸ்வெட் மறைந்தார். 1931-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ரிச்சர்ட் கூன் என்பவரும் அவருடைய உதவியாளர்களும் கேரட், முட்டைக் கரு ஆகியவற்றின் மஞ்சள் நிறப்பொருள்களை இதே முறையில் பிரித்த பிறகுதான் உலகம் இதன் அருமையை உணர்ந்தது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மை ஒற்றும் தாளில் ஒரு நீளத் துண்டை வெட்டி, அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பிள்ளைகள் படம் வரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி நனையாதபடி தாளின் அடிமுனையை மட்டும் தண்ணீரில் நிறுத்த வேண்டும். தண்ணீர் ஏற ஏற, கறுப்புப் புள்ளி நீலம், சிவப்பு, மஞ்சள் எனப் பிரிவதைப் பெரும்பாலான பேனாக்களில் காணலாம்.

காரணம் எளியது. கருவேல மரங்கள் நிறைந்த பாதையில் ஆடுகளையும் எருதுகளையும் சேர்த்து ஓட்டினால் என்ன ஆகும்? ஆடுகள் உதிர்ந்த காயைத் தின்னக் காயைக் கண்ட இடமெல்லாம் நிற்கும். எருதுகள் நேரே நடந்து போய்விடும். புறப்படும்போது ஒரே கூட்டம். ஊர்போய்ச் சேரும்போது இரண்டு கூட்டம். அதுபோலவே, குழாயில் உள்ள தூளின்மீது அதிகம் ஒட்டும் பொருள் பின்தங்குகிறது. குறைவாக ஒட்டும் பொருள் முந்திப் போகிறது. வண்ணப்பிரிகை முழுவதற்கும் அடிப்படை இதுதான்.

ஆட்டு ரோமத்திலிருந்து வந்த அறிவு

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆட்டு ரோமத்தில் உள்ள புரதம் எந்தெந்த அமினோ அமிலங்களால் ஆனது என்பதை அறிவது அங்கு ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிஞ்ச் என்ற இருவரின் வேலை. அமினோ அமிலங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய தன்மை உடையவை. அவற்றைப் பிரிக்க முதலில் பெரிய இயந்திரம் ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். அது கையாளக் கடினமாக இருந்தது.

பிறகு ஒரு புதிய வழி கண்டார்கள். சிலிக்கா என்ற தூளில் தண்ணீரை ஊறவைத்துக் குழாயில் நிரப்பினார்கள். தண்ணீர் தூளோடு தங்கிவிட்டது. அதன் வழியே குளோரோபாரம் என்ற இன்னொரு திரவத்தை ஓடவிட்டார்கள். தண்ணீரில் அதிகம் கரையும் பொருள் தங்கித் தங்கிச் சென்றது. குளோரோபாரத்தில் அதிகம் கரையும் பொருள் விரைந்து வெளிவந்தது. 1941-ல் இதை வெளியிட்டார்கள். 1944-ல் மார்ட்டின் குழுவினர் குழாய்க்குப் பதிலாக வெறும் வடிதாளையே பயன்படுத்தும் முறையையும் வெளியிட்டனர். இவ்வழியைக் கண்டறிந்ததற்காக மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் 1952-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஓடும் பொருள் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாயுவாகவும் இருக்கலாம் என்று 1941-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அவர்கள் எழுதியிருந்தார்கள். பத்தாண்டுகள் வரை யாரும் அதைச் செய்து பார்க்கவில்லை. கடைசியில் மார்ட்டினே ஜேம்ஸ் என்ற உதவியாளருடன் சேர்ந்து செய்தார். 1952-ல் வாயு வண்ணப்பிரிகை பிறந்தது. இதில் மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவியை ஒரு வாயு நீண்ட குழாய் வழியே தள்ளிக்கொண்டு போகிறது. இன்றைய கருவிகளில் இந்தக் குழாய் தலைமயிர்போல் மெல்லியது. சாதாரணமாக 30 மீட்டர் நீளமிருக்கும். சுருளாகச் சுற்றி ஒரு சிறு அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பொருளும் தனக்கு உரிய நேரத்தில் மறுமுனையில் வெளிவரும். அந்த நேரமே அதன் முதல் அடையாளம்.

வாசலில் நிற்கும் காவலாளி

பிரிந்து வந்தால் மட்டும் போதாது. வெளிவருவதைக் கண்டறிய வாசலில் ஒரு காவலாளி வேண்டும். ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1957-ல் இதற்கு ஒரு சிறு கருவியைச் செய்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுள்ள அதற்கு எலெக்ட்ரான் கவர் உணர்கருவி என்று பெயர்.

அதற்குள் மெல்லிய கதிரியக்கத் தகடு ஒன்று இருக்கும். அதனால் கருவிக்குள் எலெக்ட்ரான்கள் நிறைந்து ஒரு சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். குளோரின் கொண்ட மூலக்கூறுகளுக்கு எலெக்ட்ரான்களை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. அப்படிப்பட்ட பொருள் உள்ளே வந்ததும் மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவு தாளில் ஒரு மேடாகப் பதியும். வாய்க்காலில் ஓடும் நீரை நடுவில் ஒருவர் மொண்டுகொண்டால் கடைமடையில் நீர் குறைவதைப் போன்றது இது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மொண்டிருக்கிறார் என்று கணக்கிட்டுவிடலாம்.

டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பழைய மருந்துகள் எல்லாம் குளோரின் கொண்டவை. ஆகவே இக்கருவி வந்ததும் அவை எங்கெங்கே தங்கியுள்ளன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. எவரும் பயிர் செய்யாத, மருந்தே தெளிக்காத தென்துருவப் பகுதியில் வாழும் பெங்குவின் பறவைகளின் உடலிலும் டி.டி.டி. இருப்பதாக 1966-ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். தெளித்த இடத்தோடு மருந்து நின்றுவிடுவதில்லை என்பது அப்போது ஐயமின்றித் தெரிந்தது.

நம் ஊர்களிலும் இதே நிலைதான். பி.எச்.சி. தூளைத் தூவிய வயலின் வைக்கோலை மாடு தின்றது. மருந்து மாட்டின் கொழுப்பில் சேர்ந்து பாலில் இறங்கியது. இவை எளிதில் அழியாதவை என்பதே காரணம். அமெரிக்கா 1972-ல் டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் 1989-ல் வேளாண்மைப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டது. பி.எச்.சி. 1997-ல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

மூலக்கூறை நிறுத்துப் பார்க்கும் தராசு

வெளிவரும் நேரத்தை மட்டும் வைத்து ஒரு பொருளை உறுதி செய்துவிட முடியாது. ஒரே பேருந்தில் இருவர் வந்து இறங்குவதுபோல, இரு பொருள்கள் ஒரே நேரத்தில் வெளிவரக்கூடும். இந்த ஐயத்தைத் தீர்ப்பது நிறை நிறமாலைமானி எனப்படும் மூலக்கூறுத் தராசு. இங்கிலாந்தின் ஜே.ஜே. தாம்சனும் ஆஸ்டனும் இதன் தொடக்கத்தை அமைத்தவர்கள். ஆஸ்டனுக்கு 1922-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கருவி மூலக்கூறுக்கு மின்னூட்டம் தந்து, அதன் எடையைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அதை உடைத்து, துண்டுகளின் எடையையும் பார்க்கிறது. எடை ஒத்திருக்கலாம், உடைந்த துண்டுகளும் ஒத்திருப்பது அரிது. கைரேகையை ஒப்பிடுவது போன்றது இது. இன்று அதிகம் விற்கும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் ஆவியாக்கும் முறைக்கு ஏற்றவை அல்ல. அவற்றைத் திரவ வண்ணப்பிரிகையில் பிரித்து, நுண்ணிய திவலைகளாகத் தெளித்து மின்னூட்டம் தந்து தராசுக்குள் அனுப்புகிறார்கள். திவலையாகத் தெளிக்கும் இம்முறையைப் பெரிய மூலக்கூறுகளுக்கும் பயன்படும்படி வளர்த்த ஜான் பென் 2002-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த இரு கருவிகளும் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகளைத் தேடிவிடும்.

ஒரு கூடைக் காய் சோதனைக்குப் போனால்

சோதனைச்சாலைக்கு வரும் காயைக் கழுவாமல் அப்படியே நறுக்கி அரைக்கிறார்கள். அதிலிருந்து 10 கிராம் விழுதை எடுத்து ஒரு மூடியிட்ட குழாயில் போட்டு, 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்குகிறார்கள். மருந்து கரைப்பானுக்குள் இறங்குகிறது. பிறகு மக்னீசியம் சல்பேட்டும் சமையல் உப்பும் சேர்த்துக் குலுக்கினால் நீர் தனியாகவும் கரைப்பான் தனியாகவும் பிரியும். வேகமாகச் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை எடுத்து, பிற கசடுகளை நீக்கும் தூளைச் சேர்த்துத் தூய்மைப்படுத்திக் கருவியில் செலுத்துகிறார்கள். இந்தச் சுருக்கமான முறை 2003-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வெளிவந்தது. முன்பெல்லாம் லிட்டர் கணக்கில் கரைப்பானும் நீண்ட நேரமும் தேவைப்பட்டன. இன்று ஒரே நாளில் பல மாதிரிகளைப் பார்த்துவிட முடிகிறது. அதாவது, சோதிக்கப்படும் சரக்குகள் இனி கூடுமே தவிரக் குறையப் போவதில்லை.

அளவு என்பது எவ்வளவு?

ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் இவ்வளவுதான் எஞ்சியிருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. இதைக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்றால் ஆயிரம் கிலோவில் ஒரு கிராம். தனியாக வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கும் பயிருக்கும் ஐரோப்பிய நாடுகள் 2008 முதல் 0.01 மில்லிகிராமைப் பொது வரம்பாக வைத்துள்ளன. இது நூறு டன்னில் ஒரு கிராம். பத்து டன் ஏற்றிய லாரிகள் பத்து நின்றால், அத்தனை காயிலும் சேர்த்து ஒரு கிராம் மருந்துதான் இருக்கலாம்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கருவிக்குத் தெரிவதெல்லாம் ஆபத்து என்று பொருளல்ல. வரம்புக்கு உட்பட்ட அளவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சிபாரிசுப்படி தெளித்து, காத்திருந்து பறித்தால் எவ்வளவு எஞ்சும் என்பதைக் கள ஆய்வில் அளந்து, அது உண்பவருக்குத் தீங்கு செய்யாதா என்று பார்த்தே வரம்பை வகுக்கிறார்கள். ஆகவே வரம்பைத் தாண்டிய காய் என்றால், பெரும்பாலும் முறை தவறித் தெளித்த காய் அல்லது முந்திப் பறித்த காய் என்று பொருள்.

நாட்கள் செய்யும் வேலை

வெயில், காற்று, செடியின் உள்வேலை, காயின் வளர்ச்சி ஆகியவற்றால் மருந்து நாளுக்கு நாள் குறைகிறது. கணக்குக்காக ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். தெளித்த அன்று காயில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் 1 மில்லிகிராம். ஆறாம் நாள் 0.5, ஒன்பதாம் நாள் 0.25. வரம்பு 0.5 என்றால் ஆறு நாள் போதும். அப்பயிருக்குச் சிபாரிசு செய்யாத மருந்து, வரம்பு 0.01 என்றால், 24 நாள் ஆகும். அதாவது, ஒரே மருந்து, ஒரே அளவு தெளித்தாலும், பயிருக்கு உரிய மருந்தா இல்லையா என்பதைப் பொறுத்து ஆறு நாள் 24 நாளாகிவிடுகிறது. வெண்டையும் கத்தரியும் சில நாளுக்கு ஒரு பறிப்பு. 24 நாள் யார் காத்திருப்பார்கள்? ஆகவே பயிருக்கு உரிய மருந்தை வாங்குவதே முதல் பாதுகாப்பு.

கழுவினால் போய்விடும் என்ற நம்பிக்கையும் பாதி உண்மையே. மேல்தோலில் படிந்தது ஓரளவு போகும். ஊடுருவிப் பாயும் மருந்து காயின் சதைக்குள் இருப்பதால் கழுவிப் பயனில்லை.

2010-ல் திராட்சை விவசாயிகள் கற்ற பாடம்

மகாராஷ்டிரத் திராட்சை விவசாயிகள் பல ஆண்டுகளாக ஐரோப்பாவுக்குப் பழம் அனுப்பி வந்தனர். ஏற்றுமதிக்கு முன் சோதனையும் நடந்து வந்தது. 2010-ல் ஐரோப்பியச் சோதனைச்சாலைகள் அப்பழங்களில் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற பொருள் வரம்பைத் தாண்டி இருப்பதாகத் தெரிவித்தன. இது பூச்சிமருந்து அல்ல. கொடியின் வளர்ச்சியை அடக்கிக் காய்ப்பைத் தூண்டும் பயிர் ஊக்கி. இங்கு நடந்த சோதனைப் பட்டியலில் அது இல்லாததால் எவரும் தேடவில்லை. சரக்குகள் நிறுத்தப்பட்டன, விவசாயிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் பெரும் இழப்பு. பின்னர் அப்பொருளும் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கே கற்கவேண்டியவை இரண்டு. கருவி, தேடச் சொன்னதையே தேடும். ஆகவே இன்று ஒரு சோதனையில் தேறிவிட்டதால் காயில் எதுவுமே இல்லை என்று கொள்ளக்கூடாது. இரண்டாவது, பூச்சிமருந்து மட்டுமல்ல, பூஞ்சாண மருந்து, களைக்கொல்லி, பயிர் ஊக்கி ஆகிய எல்லாமே காயில் எஞ்சும்.

நிலக்கடலையில் தெளிக்காத நஞ்சு

தெளிக்காமலே சேரும் நஞ்சும் உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. தீவனத்தில் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கின்மேல் சந்தேகம் விழுந்தது. அதன் சாற்றை வண்ணப்பிரிகை முறையில் பிரித்து, புற ஊதா ஒளியில் பார்த்தபோது நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும் பொருள்கள் தெரிந்தன. ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சாணம் உண்டாக்கும் அப்பொருளுக்கு அப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். இது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். மாடு தின்றால் அதன் மாறிய வடிவம் பாலிலும் வரும்.

இதற்கு மருந்து தேவையில்லை, வெயில் போதும். பறித்த நெற்றை உடனே காய வைத்து, ஈரம் 8 சதவீதத்துக்குக் குறைந்த பின்பே மூட்டை கட்ட வேண்டும். காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். உடைபட்ட, பூசணம் பிடித்த, முளைவிட்ட காய்களைப் பொறுக்கி எறிய வேண்டும். பருப்பு உடையாமல் இருக்க வேண்டும் என்று நெற்றின்மீது தண்ணீர் தெளித்து இயந்திரத்தில் போடும் பழக்கம் பூஞ்சாணத்தை வரவேற்பதற்குச் சமம். கெட்ட கடலையை மாட்டுக்கும் போடக்கூடாது.

இதே கருவிகள் தந்த நன்மை

இக்கருவிகள் குற்றம் கண்டுபிடிப்பதற்கு மட்டும் உரியவை என்று எண்ணக்கூடாது. பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க ஒரு வாசனையை வெளியிடும். பட்டுப்பூச்சியின் இவ்வாசனையைப் பூடெனாண்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1959-ல் கண்டறிந்தபோது ஐந்து லட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன. பின்னர் வாயு வண்ணப்பிரிகைக் குழாயின் முனையில் ஆண் பூச்சியின் உணர்கொம்பையே காவலாளியாகப் பொருத்திவிட்டார்கள். வாசனைப் பொருள் வெளிவரும் நொடியில் உணர்கொம்பு சிலிர்த்து மின் அதிர்வு தந்தது. இதனால் சில பூச்சிகளைக் கொண்டே வாசனையைக் கண்டறிய முடிந்தது. கத்தரித் தோட்டத்தில் ஏக்கருக்கு ஐந்து வீதம் வைக்கப்படும் இனக்கவர்ச்சிப் பொறிகள் இந்த அறிவின் பயனே. பொறி வைத்தால் தெளிப்பு குறையும். தெளிப்பு குறைந்தால் எச்சமும் குறையும்.

விவசாயிகள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. லேபிளில் தம் பயிரின் பெயரும் காத்திருப்பு நாளும் உள்ள மருந்தையே ரசீதுடன் வாங்க வேண்டும். கலவையின் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத புட்டியை, "இயற்கை மருந்து" என்று சொன்னாலும் வாங்கக்கூடாது.

2. லேபிளில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் மருந்தின் நச்சுத்தன்மையைக் காட்டுகிறது. பச்சை என்றால் மறுநாளே பறிக்கலாம் என்று பொருளல்ல. பறிக்கும் நாளைத் தனியே படித்தறிய வேண்டும்.

3. முதலில் பறிப்பு, பிறகு தெளிப்பு. பறிக்கும் பருவத்தில் உள்ள காய்களை எல்லாம் எடுத்துவிட்டு மருந்து அடித்தால், காத்திருக்கும் நாட்களில் இழப்பு குறையும். காத்திருப்பில் முற்றிய காயைப் பறித்து அப்புறப்படுத்த வேண்டும்.

4. காய்ப்புப் பருவத்தில் காத்திருப்பு நாள் குறைந்த மருந்துக்கு முதலிடம் தர வேண்டும். புழு தாக்கிய நுனித் தண்டுகளையும் காய்களையும் கிள்ளி அழிக்க வேண்டும். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கிச் சோப்பு சேர்த்துத் தெளிக்கலாம்.

5. இரண்டு மூன்று மருந்துகளைத் தாமாகக் கலக்கக்கூடாது. அளவைக் கூட்டுவதும் தவறு.

6. தெளித்த நாள், மருந்தின் பெயர், அளவு, பறித்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்த மருந்தா, தாமே தெளித்ததா என்பதைக் கருவி சொல்லாது. நோட்டுதான் விவசாயியின் சாட்சி.

7. சோதனைக்கு அனுப்புவோர் வயலின் பல இடங்களிலிருந்து பறித்து, குறைந்தது ஒரு கிலோ மாதிரி சேர்க்க வேண்டும். அதில் பத்துக் காய்களுக்குக் குறையக்கூடாது. தர்ப்பூசணி, முட்டைக்கோஸ் போன்ற பெரியவற்றில் ஐந்து காய்களுக்குக் குறையாமல் இரண்டு கிலோ வேண்டும். கழுவாமல் சுத்தமான பையில் போட்டு, மருந்துப் புட்டிகள் அருகில் இல்லாமல், அன்றே குளுமையாக எடுத்துச் செல்ல வேண்டும். மருந்து தெளித்த கையால் தொட்ட மாதிரி பொய் சொல்லும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சிய நஞ்சு ஆய்வுக்கூடம் உள்ளது. கட்டணத்தையும் மாதிரி அளவையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

ஸ்வெட்டின் கண்ணாடிக் குழாயில் இலைச் சாறு பிரிந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று கண்ணுக்குத் தெரிந்த வண்ண வளையங்களைப் பார்த்தார்கள். இன்று கண்ணுக்குத் தெரியாத மருந்தையும் பார்த்துவிடுகிறார்கள். கருவியை ஏமாற்ற வழியில்லை. ஏமாற்றத் தேவையும் இல்லை. உரிய மருந்தை உரிய அளவில் தெளித்து, லேபிளில் சொன்ன நாள்வரை பொறுத்துப் பறித்த காய் எந்தச் சோதனைச்சாலையிலும் தலைநிமிர்ந்து நிற்கும். அந்தக் காயை விவசாயி தம் பிள்ளைகளுக்கும் தயக்கமின்றிச் சமைத்துத் தரலாம்.